திரை சொல்லும் கிலோமீட்டர்

மலையேறும் மின்சாரக் காரின் திரையில், இன்னும் ஓடக்கூடிய கிலோமீட்டர் முப்பத்தொன்று என்றிருந்த எண் இருபத்தாறாகிறது. கடந்ததோ இரண்டே கிலோமீட்டர். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபத்திரண்டு. நாலு மணிக்கு அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் ஒருதடவை அவள் கையைப் பிடித்துவிட வேண்டுமென்று தங்கை காலையிலிருந்து தவிக்கிறாள். ஏசியை எப்போதோ அணைத்தாயிற்று. வெயில் கண்ணாடி வழியே வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது. "முழு சார்ஜுக்கு நானூறு ஓடும்னு மார்தட்டினீங்களே?" "அது சமதரையில, நிதானமா போனா. ஏத்தத்துல கூடுதலா இழுக்கும்," என்கிறார் கணவர், பரீட்சைக்குப் படித்ததை ஒப்பிப்பவர்போல. "அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு வண்டிக்குத் தெரியாட்டி போகுது, உங்களுக்குமா தெரியாது?" அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறார். உச்சி வளைவில் திரை பதின்மூன்று என்கிறது. பாதை பதினாலு மீதமிருக்கிறது. அங்கிருந்து சாலை சரிகிறது. அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட, இறக்கத்தில் சக்கரம் உருள உருள பேட்டரி மெல்ல ஏறுகிறது: பதினைந்து, பதினாறு. "பாத்தியா, திரும்பக் குடுக்குது!" அவர் முகமெல்லாம் பல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை நேரம் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு இப்போது தாராளமாம்! போன் அடிக்கிறது. அக்காவின் குரல்: "எங்கடி இருக்க? சார்ஜ் குறையுதுன்னியே, வண்டி இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்கிறார் உன் வீட்டுக்காரர்?" அடிவாரத்தில் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர் தெரிகிறது. "அவர் சொல்றதும் வேணாம், வண்டி சொல்றதும் வேணாம்க்கா. உன் ஆஸ்பத்திரி என் கண்ணுக்குத் தெரியுது. நான் வராம உள்ள போயிடாத."