அலசாத நெல்

முட்டை மேலே வந்துவிட்டது.

அண்டாவின் உப்புத் தண்ணீரில் ஐம்பது காசு அகலத்துக்குத் தலையைக் காட்டிக்கொண்டு மிதந்தது. போதும், இனி உப்பு வேண்டாம். மரகதம் கலக்கிய கையை உதறிவிட்டு முட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

காலையில் அண்ணன் கொண்டுவந்து இறக்கிய விதைநெல்லில் பாதியை அண்டாவில் கொட்டினாள்.

நல்ல மணி அடிக்குப் போகும். பதர் மேலே நிற்கும். இவ்வளவுதான் சோதனை.

எல்லாமே மேலே நின்றது.

கையை விட்டு அமுக்கிப் பார்த்தாள். அமுங்கிவிட்டு மறுபடி வந்து மொய்த்தது. அடியைத் தடவினாள். நாலைந்து மணிகள்தான் விரலில் பட்டன.

உப்பு கூடிப்போய்விட்டது என்று நினைத்தாள். கடைக்காரன் என்ன உப்பைக் கட்டிக் கொடுத்தானோ. அவன் மேல் அவளுக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்தான்.

இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றினாள். முட்டையைப் போட்டாள். முட்டை அடிக்குப் போய்விட்டது.

நெல்லில் முக்கால்வாசி அப்படியே மிதந்தது.

அப்போதும் அண்ணனை அவள் சந்தேகப்படவில்லை. தன் நிலைமையைத்தான் நினைத்தாள். புருஷன் போன பிறகு அவளே நின்று செய்யும் முதல் சம்பா இது. ஆற்றில் தண்ணீர் வந்தாயிற்று. நாலு நாளில் நாற்று விட்டாக வேண்டும். வீட்டில் வேறு விதை கிடையாது.

"உப்புத்தண்ணியில எல்லாம் போட்டுப் பாக்க வேணாம். நானே பாத்துட்டேன். அப்படியே ஊறப் போட்டுடு" என்று அண்ணன் சொல்லிவிட்டுத்தான் போனான். பழக்கம், கை கேட்கவில்லை. அப்பா இருந்தவரை உப்பில் போடாமல் ஒரு மணி நெல் விதையாகப் போனதில்லை.

மோரை வாங்கிக் குடித்துவிட்டு இன்னொன்றும் சொன்னான்.

"நாளைக்குப் பத்து மணிக்குப் பத்திர ஆபீசுக்கு வந்துடு. ஆதார் கார்டை மறந்துடாத."

அப்பா வயலில் அவள் பங்கு ஒன்றரை ஏக்கர். அதை அண்ணன் பேருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு எதுவும் எழுதவில்லை. வருஷா வருஷம் விதைநெல் வரும், பொங்கலுக்குப் புது அரிசி வரும், தங்கச்சியைக் கைவிட மாட்டேன் என்று வாயால் சொல்லியிருந்தான். அவளுக்கு அது போதும் என்றிருந்தது. கூடப்பிறந்தவனிடம் எழுதிக் கேட்பது அசிங்கம் என்றுகூட நினைத்தாள்.

சாக்கில் மீதியிருந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துக் கடித்தாள்.

பாதி உமி. பாதி ஏதோ மாவு.

நாக்கில் உப்புக் கரித்தது.

கையில் இருந்த உப்பாக இருக்கும். அடிபம்பில் போய் முழங்கை வரைக்கும் கழுவினாள். வாயைக் கொப்பளித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாக்கின் அடியிலிருந்து ஒன்று எடுத்துக் கடித்தாள்.

உப்பு.

இன்னொன்று. உப்பு.

வாயிலிருந்த உமியைத் துப்பினாள்.

உப்புத் தண்ணீரில் மூழ்கிய விதையை மூன்று தண்ணீரில் அலசுவார்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். மிதந்த பதரை யாரும் அலசுவதில்லை. அரித்து எடுத்துக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள்.

அண்ணன் கோழிக்குப் போடவில்லை.

வெயிலில் காயவைத்திருக்கிறான். சாக்கில் அள்ளித் தைத்திருக்கிறான். வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து, அவள் கையால் மோர் குடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

சாக்கை உள்ளே தூக்கிவந்தபோது லேசாகத்தான் இருந்தது. உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

முதலில் வெட்கமாக இருந்தது. அவன் செய்ததற்குத் தான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று புரியவில்லை. பிறகுதான் ஆத்திரம் வந்தது.

அவன் சொன்னபடி அப்படியே விதைத்திருந்தால், பத்து நாள் கழித்து நாற்றங்கால் வெறும் சேறாகக் கிடந்திருக்கும். அதற்குள் கையெழுத்து முடிந்திருக்கும். உன் கைராசி அவ்வளவுதான் என்று அவனே வந்து ஆறுதலும் சொல்லியிருப்பான். அவளும் தலையை ஆட்டியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் தாங்கவில்லை.

அண்ணனின் வயல் ஆள் யாராவது சாக்கை மாற்றிக் கட்டியிருக்கலாம். இருக்கலாம் அல்லவா?

போன் அடித்தது. அண்ணன்தான்.

"என்ன மரகதம், நெல்ல ஊறப் போட்டியா?"

"போட்டேண்ணே."

"நாளைக்கு வெள்ளன கிளம்பிடு. முகூர்த்த நாளு, ஆபீசுல கூட்டம் இருக்கும்."

"நாளைக்கு வர முடியாதுண்ணே. டிராக்டருக்குச் சொல்லப் போறேன். உழவு இருக்கு."

"உன் வயல்லதான் உழவு முடிஞ்சிடுச்சே?"

"அப்பா வயல்ல. என் ஒன்றரை ஏக்கர்ல."

ஏன், என்ன ஆச்சு என்று அவன் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும். சாக்கு மாறித்தான் போயிருக்கிறது என்று அவள் நம்பிவிடுவாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.



அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"யாரு சொன்னா?"