ஏழு அந்தர்

கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் டமாரென்று வண்டியின் அச்சு முறிந்தது. மாடுகள் மிரண்டு நின்றன. சிற்பி கார்த்திகேசு மெல்ல இறங்கினார். அந்த வாரத்தில் அவர் ஏறி முறிந்த இரண்டாவது வண்டி அது.

"அண்ணை, மடியில அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டோ ஏறினனீங்கள்?" என்று வண்டிக்காரன் ஜெமீல் சிரித்தான்.

கார்த்திகேசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. நெடுந்தீவில் மகள் கமலாசனி முதல் பிள்ளையைப் பெற்றிருந்தாள். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். 'முப்பத்தோராம் நாளுக்கு வந்து பிள்ளையைத் தூக்குங்கோ அப்பா' என்று எழுதியிருந்தாள்.

புளியங்குளத்துப் பாறையடியில் இருபத்தெட்டு வருஷம் தனியாகக் கல் கொத்தியவர் அவர். வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் அவர் கொத்திய அம்மி இல்லாத குசினி கிடையாது. கல்தூசைச் சுவாசித்துச் சுவாசித்து ஆள் ஈர்க்குப் போல மெலிந்திருந்தார்.

ஜெமீல் விளையாட்டாக அவரைக் கடையில் நெல் நிறுக்கும் தராசில் ஏற்றினான். ஏழு அந்தர் காட்டியது; ஐந்தாறு ஆளின் நிறை. தராசு பிழையென்று ஒரு நெல் மூட்டையை வைத்துப் பார்த்தான். மூட்டையின் நிறை சரியாக இருந்தது. அவரை மறுபடி ஏற்றினான். ஏழு அந்தர்தான்.

ஜெமீலின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டிக்கு வேற அச்சுப் போடலாம், அண்ணை. நெடுந்தீவு வள்ளம் உங்களைத் தாங்காதே."

கார்த்திகேசு பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து அவனிடம் நீட்டினார்.

"முழங்காலுக்குக் கீழ கொத்து, தம்பி. பயப்பிடாத, நோகாது. நேற்று ஒரு விரலைக் கொத்திப் பாத்தனான்."