வேறொரு பயனர்

அவசரம் என்று மூன்று முறை அடித்து அனுப்பியிருந்தார், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முதலாளி.

ரிப்போர்ட் தயாரிக்கும் பழைய மென்பொருள் ஒன்று கம்ப்யூட்டரை விட்டுப் போகமாட்டேன் என்கிறதாம். பதினொரு மணிக்கு ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்களாம். அதற்குள் இருந்த இடம் தெரியாமல் நீக்கித் தர வேண்டுமாம்.

ஆளை எனக்குத் தெரியும். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவருடைய திரையில் நான் வெறும் ‘உதவியாளர் 14’.

மணி 10.40. அங்கே அவர் மவுஸை விட்டார். இங்கே கணினி உதவி மையத்திலிருந்து நான் அதை நகர்த்தினேன்.

‘நீக்கு’ என்று அழுத்தினேன். பாதி ஓடி நின்றது. வேறொரு பயனர் இதைத் திறந்து வைத்திருக்கிறார், மூடிவிட்டு மீண்டும் முயலவும் என்றது.

“இங்க நான் ஒருத்தன்தாங்க இருக்கேன்” என்று எழுதிவிட்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி போடப் போனார்.

ஒருத்தன்தானாம். வாய் கூசவில்லை.

அங்கே ரிப்போர்ட் அடிக்க ஒருத்தி இருந்தாள். ஒரு நோயாளியின் சர்க்கரை அளவைக் குறைத்துப் போட்டாள் என்று பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவளை எல்லோர் எதிரிலும் நிற்க வைத்தார். உன் பெயரில்தானே பதிவாகியிருக்கிறது என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதன்பிறகு எந்தக் கூடமும் அவளை வாசலில்கூடச் சேர்க்கவில்லை.

அந்த மனிதர் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் நினைக்காத நாளில்லை.

பயனர் பட்டியலைத் திறந்தேன். இரண்டே பெயர்கள். ஒன்று அவருடையது. இன்னொன்று அவளுடையது.

கடைசியாக உள்ளே வந்த நேரம், இன்று காலை 8.40.

துரத்திவிட்ட பிறகும் அவள் பெயரில்தான் எண்களை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

அவள் கணக்கை மூட ஒரு அழுத்து போதும். நான் மூடவில்லை. பட்டியலை மூடாமல் திரையின் அடியில் சுருக்கி வைத்துவிட்டு, முகப்பில் இருந்த ஐகானை மட்டும் அழித்தேன். ஐகான் போனால் எல்லாம் போயிற்று என்று நம்புகிற ரகம் அவர். கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்து பார்த்தார்.

“அப்பாடா, தொலைஞ்சுது. நீங்க நல்லா இருக்கணும். உங்க பேரச் சொல்லுங்க, மேலிடத்துல சொல்லிப் பாராட்டச் சொல்றேன்.”

பதிலை அடித்து வைத்தேன். அனுப்பவில்லை. மணி 10.57.

பதினொன்றுக்கு அவரிடமிருந்து இன்னொரு வரி வந்தது. ஆட்கள் பக்கத்திலேயே வந்து நிற்கிறார்களாம், பெயரைச் சொன்னால் முடித்துக்கொள்ளலாமாம்.

மவுஸ் இன்னும் என் கையில்தான் இருந்தது. பட்டியலைத் திரை முழுக்கப் பெரிதாக்கிவிட்டு, எண்டரைத் தட்டினேன்.

“ரெண்டாவதா இருக்கிறதுதாங்க என் பேர். காலையில எட்டு நாப்பதுக்கு நான் பஸ்ல நின்னுட்டு இருந்தேன்.”