பிரான்சிஸ்கா மிஸ்ஸின் மின்விசிறி

பிரான்சிஸ்கா மிஸ் சுவிட்சைத் தட்டினார். அதே நேரம், பின்வரிசையில் நின்ற பாயிஸ் கடற்பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டான்.

எதிர்ச்சுவரில் பொருத்தியிருந்த பெரிய மின்விசிறி ஒருமுறை முனகியது. பிறகு சுழன்றது.

மிஸ்ஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த விசிறியின் மோட்டர் போன மாதமே எரிந்துபோய்விட்டது. புதியது கேட்டுக் கேட்டு மிஸ்ஸின் வாய்தான் ஓய்ந்தது. கொழும்பிலிருந்து வந்திருக்கும் பரிசோதகர் சிங்கராசா, காற்றோட்டச் செய்முறை சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொறியியல் வகுப்பையே வவுனியாவுக்குத் தூக்கிவிடுவார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் அதோடு படிப்பை விட்டுவிடுவார்கள்.

நல்லவேளை, மன்னாரில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் அடிக்கும். கடலிலிருந்து வரும் அந்தக் காற்றுக்குக் கரண்டும் வேண்டாம், கொழும்பின் அனுமதியும் வேண்டாம். பிள்ளைகள் விசிறியின் அச்சுக்குக் கிறீஸ் பூசிப் பூசி, ஊதினாலே சுற்றும்படி வைத்திருந்தார்கள். மிஸ் காலையிலிருந்து அதன் பக்கத்தை விட்டு அசையவில்லை.

மாணவி செலீனா, கோயிலில் இரவல் வாங்கிய தூபக்கலசத்தைத் தூக்கிப் பிடித்தாள். சாம்பிராணிப் புகை அறையைக் குறுக்காகக் கடந்து, விசிறி வழியாக வெளியே போனது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருந்தபடியே போனது.

புகைக்குப் பின்னால் பரிசோதகரின் கடதாசிகளும் கிளம்பின. அவர் கதிரையிலிருந்து பாய்ந்து பிடித்தார்.

“அந்த யன்னலை ஒருக்காச் சாத்துங்கோ.”

பாயிஸ் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் மடுமாதாவைக் கூப்பிட்டார், மனதுக்குள்தான்.

“சாத்தினா எப்பிடி, சேர்? காத்து உள்ளுக்கு வந்தால்தானே வெளியில போகும். அதுதானே இண்டைக்குப் பாடமே.”

சிங்கராசா அவரையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடதாசிகளை மடித்துக் கதிரையில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவர் நிறுத்தச் சொன்னதும் மிஸ் சுவிட்சைத் தட்ட, பாயிஸ் யன்னலைச் சாத்த, விசிறி அடக்க ஒடுக்கமாக நின்றது. சிரிப்பை அடக்கப் பிள்ளைகள் படாத பாடுபட்டார்கள்.

பரிசோதகர் எழுந்து, வகுப்பு இங்கேயே நடக்கட்டும் என்றார். ஐப்பசியில் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் பியோன் வலன்ரைன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“குறை நினைக்காதேங்கோ, மிஸ். கேத்திலில தண்ணி கொதிக்காமல் அவருக்கு ஒரு தேத்தண்ணிகூடக் குடுக்கேல்ல. பாவம், இங்க வர முந்தி, வேர்க்க வேர்க்கக் கந்தோர் அறையில இருந்து பைலால விசுக்கிக்கொண்டிருந்தவர். விடியப் போன கரண்ட், இன்னும் வரேல்ல.”

மிஸ் மெதுவாகத் திரும்பிச் சுவிட்சைப் பார்த்தார்.

ஐப்பசியில் சோளகம் இருக்காது.