கரையான் பானையும் வேலியோரக் குரலும்

சிரிப்பு இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பொறுங்கள், செவலை முதலில் வேலிவரை ஓடிவிட்டு வரட்டும்.

செவலை மேய்ச்சலில் வளரும் கறிச்சேவல். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் எல்லாப் பெட்டைகளுக்கும் முன்னால் அதை "ஏலே ஓணான்!" என்று கூப்பிட்டுவிட்டது. நெஞ்சு பெருக்கும்வரை கூவுவதில்லை என்று அன்றே செவலை வாயை மூடிக்கொண்டது.

"சோளம் தின்னா தொப்பைதான் வரும் மாப்ளே. சதை ஏறணும்னா புரதம் வேணும். கரையான் தின்னு," என்றது மைனா.

தினமும் காலையில் செவலையை வளர்க்கும் ராக்காயி அக்கா, சாணமும் சாக்கும் திணித்துக் கரையான் ஏறவிட்ட பானையைக் கொட்டிவிட்டுப் போவாள். செவலை அலகை வைக்கும் நேரம் பார்த்து வேலியோரம் அக்கா குரல் கேட்கும்: "பா... பா... இங்க வாடா ராசா!" ஓடினால் அங்கே யாருமில்லை. திரும்பி வந்தால் கரையானும் இல்லை. மைனாதான் அலகைத் துடைத்துக்கொண்டிருக்கும். "ஓட்டமும் உடம்புக்கு நல்லதுதான் மாப்ளே."

இன்றும் குரல் வந்தது. பாய்ந்த செவலை அக்காவின் காலிலேயே முட்டி நின்றது. அக்கா வாய் நிறைய வெற்றிலை; துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தாள். வேலியிலிருந்து மறுபடி அதே குரல்: "சீக்கிரம் வாடா ராசா!"

செவலை அக்காவின் மூடிய வாயைப் பார்த்தது. வேலியைப் பார்த்தது; அங்கே திறந்த அலகோடு மைனா.

"அதான் நீ மட்டும் இப்படிக் கொழுத்திருக்கியா, மாப்ளே!"