பயூமிக்கு ஒரு துணை

கேப்டன் வஹ்பியின் கூடாரத்திலிருந்து பயூமி சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ஷஹாத்தாவைப் பார்த்ததும் கண்ணடித்துவிட்டுப் போனான். தன்னைப் பற்றி ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டான் என்று ஷஹாத்தா நினைத்தான்.

பயிற்சி முடிந்துவிட்டது. நாளை முதல் அலமைன் பாலைவன மணலில், பழைய போர் விட்டுப்போன கண்ணிவெடிகளை இருவர் இருவராகப் போய் எடுக்க வேண்டும். முன்னால் போகிறவன் மண்டியிட்டு மண்ணைக் குத்திப் பார்ப்பான்; பின்னால் தள்ளி நிற்பவன் அவனையே கவனித்து, தப்பு நடந்தால் 'நில்' என்று கத்துவான். முதல் ஜோடியில் முன்னால் போகும் இடம் பயூமிக்குப் போய்விட்டது. அது தனக்கு வரவேண்டியது என்பதில் ஷஹாத்தாவுக்குச் சந்தேகமே இல்லை.

பயூமி வாயைத் திறந்தால் முகாமே சிரிக்கும். வீட்டிலிருந்து வரும் பேரீச்சம்பழ ரொட்டியை எல்லோருக்கும் பிட்டுக் கொடுப்பான், ஷஹாத்தாவுக்கு மட்டும் பெரிய துண்டாக. அதுவும் ஷஹாத்தாவுக்கு எரிச்சல்தான்.

பொறுக்க முடியாமல் கூடாரத்துக்குள் போய் சல்யூட் அடித்தான்.

"ஐயா, பயூமி முன்னால போனா செத்துருவான்."

"ஏன்?" என்றார் வஹ்பி.

"களைச்சுட்டான்னா இடது முட்டி, சோதிச்ச பாதைக்குக் கட்டுன எல்லைக் கயித்தைத் தாண்டிப் போகுது. டீ உள்ள போயிட்டா பேச்சுதான், மண்ணைப் பார்க்கிறதில்ல. சீட்டி அடிக்கிறான்ல, அது சந்தோஷம் இல்லைங்கய்யா, பயம். அப்ப அவன் விரல் நடுங்கும்."

"வேற யாரும் இதைச் சொல்லலையே."

"அவனுங்க அவன் வாயைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கானுங்க. இதெல்லாம் அவனுங்க கண்ணுல எங்க படப்போகுது?"

வஹ்பி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். "சரி. நாளைக்கு அவன் பின்னால நீ நில்லு."

ஷஹாத்தாவின் முகம் செத்துப்போனது. "அவனுக்கு வால் பிடிக்கவா? எனக்கு எதுக்குய்யா இந்தத் தண்டனை?"

"உன்னை நான் போடலப்பா. முன்னால போறது அவன் உசுரு. துணையை நீயே கேட்டுக்கோன்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். அதைச் சொல்லத்தான் இப்ப வந்துட்டுப் போனான்."

"இங்க எல்லாரும் அவனுக்குச் சிநேகிதம். என்னை எதுக்குக் கேட்டான்? எனக்கு அவனைக் கண்டாலே ஆகாதுன்னு தெரியாதா?"

"நல்லாவே தெரியும்னான். 'எம்மேல வச்ச கண்ணை எடுக்காதவன் அவன் ஒருத்தன்தான்யா'ன்னான்."