கடைசிப் படி

அப்போதெல்லாம் விமான நிலையம் என்றால் ஓட்டுக் கட்டடமும் கம்பி வேலியும்தான். துபாய்க்குக் கிளம்பும்போதெல்லாம் காசிம் படிக்கட்டின் உச்சியில் நின்று திரும்பிக் கையசைப்பார். வேலியோரம் மனைவி மைமூனின் மஞ்சள் முந்தானை ஆடும். படியில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். அவர்களுக்கும் வேலியில் ஆள் உண்டு.

ஊர் பெருத்தது. வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பினார்கள். படிக்கட்டு போய், கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நுழையும் மூடிய பாலம் வந்தது.

இன்று மகளின் பிரசவத்துக்காக மைமூன் தனியே பறக்கிறாள். மதிலுக்கு வெளியே காசிமின் போன் அடித்தது.

"ஏறிட்டியா புள்ள?"

"பிளேன் வாசல்லதான் நிக்கிறேன். திரும்பிப் பாத்தா ஒரே சுவரா இருக்கு. நீங்க எந்தப் பக்கம்?"

காசிம் மதிலை அண்ணாந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உருவி உயர்த்தினார்.

"கையக் காட்டு," என்றார். "ஆங், தெரியுது."